மாரிஸ் காரின் பின்சீட்டு

போடி பஜாரில் ஏலக்காய்க் கமிஷன் கடை வைத்திருந்த சுந்தர்ராஜுக்கு மனைவி உண்டு. வீட்டில்தான் இல்லை. புருஷனும் பெண்சாதியும் சண்டை போட்டுப் பிரிந்துவிட்டார்கள் என்று யாராவது சொன்னால் அது பச்சைப் பொய். மதுரையில் மகளுக்குப் பிரசவம் என்று ராஜமணி ஒரு டிரங்குப் பெட்டியோடு பஸ் ஏறினாள். பேரன் பிறந்தான். அவள் திரும்பி வரவில்லை, அவ்வளவுதான் நடந்தது.

"அம்மா எப்ப வர்றாக?" என்று பஜாரில் கேட்பார்கள். பிள்ளைக்குத் தலை நிற்கட்டும் என்றார் முதலில். பிறகு பல் முளைக்கட்டும் என்றார். நடக்கட்டும், பால் மறக்கட்டும் என்று தள்ளிக்கொண்டே வந்ததில் அந்தப் பயல் இப்போது சிலேட்டைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடம் போகிறான். எங்கள் பக்கத்துப் பெண்கள் சில பேர் இப்படித்தான் போவார்கள். ஒரு வார்த்தை குறையாகச் சொல்ல மாட்டார்கள். ஊர் வாயில் விழாமல் புருஷனை விட்டுப் போவதற்கு மகளின் பிரசவத்தைப் போல மரியாதையான வழி வேறு கிடையாது. போய்விட்டாள் என்பதே அந்த மனிதருக்கு வருஷங்கள் கழித்துத்தான் உறைக்கும். சுந்தர்ராஜுக்கு அதுவும் உறைக்கவில்லை. சாயந்தரம் கடையைப் பூட்டிவிட்டு வீட்டுக்கு வந்து, ரேடியோவில் உரம் போடுவதைப் பற்றிப் பேசுகிறவனுக்கு "ஆமாமா, சரிதான்" என்று பதில் சொல்லிக்கொண்டே மெஸ் சாப்பாட்டைச் சாப்பிடுவார். பேச்சுத் துணைக்கு அவன்தான்.

இன்னொரு துணை, ஷெட்டில் கிடந்த மாரிஸ் மைனர். அவருடைய அப்பா வாங்கிய கார். ஒரு காலத்தில் மலைத் தோட்டங்களுக்கும் போடிக்குமாக ஏலக்காய் மூட்டை சுமந்து ஓய்ந்துபோனது. ராஜமணி போன பிறகு அதை எடுத்துச் செப்பனிட ஆரம்பித்தார். முதலில் இன்ஜின் வேலை, அடுத்து பாடி, அப்புறம் பெயிண்ட் என்று ஒவ்வொன்றாக முடித்தார். ஆள் இல்லாத வீட்டில் கைக்கு ஒரு வேலை வேண்டுமே. எழுபத்தொன்பதாம் வருஷம் உள்வேலை மட்டும்தான் பாக்கி. சீட்டுத் துணி கிழிந்து நார் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

அந்தச் சமயத்தில்தான் மதுரையிலிருந்து தகவல் வந்தது. சபையார் எல்லாரும் தேவாலய வளாகத்தில் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடும் அசனப் பண்டிகைக்கு இந்த வருஷம் ராஜமணி வருகிறாளாம். சுந்தர்ராஜுக்குத் தலைகால் புரியவில்லை. வருகிறவளை எப்படியாவது இருக்க வைத்துவிட வேண்டும் என்று நினைத்தார். எப்படி என்று யோசித்தபோது அவருக்குத் தோன்றியது காரின் சீட்டுதான். வேறு எந்த மனிதனுக்கும் அது தோன்றியிருக்காது.

அதற்கு அவரிடம் ஒரு நியாயம் இருந்தது. ராஜமணிக்கு இடுப்பு வலி. காரில் போய் வந்தாலே, "இந்தச் சீட்டுல உக்காந்து இடுப்பே விட்டுப்போச்சு" என்பாள். அவள் வாய்விட்டுச் சொன்ன ஒரே குறை அதுதான். குறையைத் தீர்த்துவிட்டால் எல்லாம் தீர்ந்தது என்பது வியாபாரியின் கணக்கு.

தேனியில் பெரியகுளம் ரோட்டில் குஷன் கடை வைத்திருந்த ராக்கையா, சீட்டுகளைக் கழற்றித் தரையில் பரப்பிப் பழைய உறையை உரித்தான். பின்சீட்டின் நார் மெத்தையில் இடது ஓரம் மட்டும் நன்றாகக் குழிந்து, ஒரு ஆள் உட்கார்ந்த அச்சாகவே நின்றுபோயிருந்தது.

"இங்கன யாரு மொதலாளி உக்காருவாக?"

"வீட்ல."

"ஒரே எடத்துலயே உக்காந்திருக்காக." ராக்கையா முன்பக்கம் டிரைவருக்கு இடதுபுறச் சீட்டை அமுக்கிப் பார்த்தான். ஸ்பிரிங் புதுசு போலத் துள்ளியது. "இது அப்பிடியே கெடக்கு. கம்பெனி ஸ்பிரிங்கு."

"அது வியாபாரிக, சபை ஐயருமாரு எப்பவாச்சும் ஏறுனா உக்கார்றது. அதுக்கு மேல்துணியை மட்டும் மாத்து, போதும். பின்னாலதான் ராக்கையா வேலை. நார் வேண்டாம். நல்ல ரப்பர் போடு. சாஞ்சுக்கிட மெத்தை, கைவைக்கத் திண்டு, எல்லாம் வேணும்."

கோயமுத்தூரிலிருந்து இந்தக் காருக்கென்றே அளவாக வெட்டித் தைத்து வரும் செட் ஒன்று இருந்தது. சீட்டு உறைகள், கதவுக்கு ஒட்டும் அட்டைகள், மேற்கூரைத் துணி, தரைவிரிப்பு எல்லாம் ஒரே கட்டாக வரும். நிறத்தைச் சொன்னால் போதும். ராக்கையா மாதிரித் துண்டுகளைக் கொடுத்துவிட்டான். கருஞ்சிவப்பு, இலைப்பச்சை, வெல்ல நிறம், சாம்பல். அவற்றை வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சாப்பாட்டு மேஜையில் வரிசையாக வைத்தார் சுந்தர்ராஜ். விளக்கைப் போட்டுப் பார்த்தார், ஜன்னலைத் திறந்து பார்த்தார். ஒரு நாளைக்குப் பச்சை நன்றாக இருந்தது, மறுநாள் அதுவே பாசி பிடித்த மாதிரி இருந்தது. எது நன்றாக இருக்கிறது என்று கேட்க ஒரு ஆள் இல்லாத வீட்டில் ஒரு நிறத்தைத் தேர்ந்தெடுப்பது எவ்வளவு பெரிய பாடு என்பது அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. கடைக்கு வந்தவர்களிடம் காட்டினார். ஆளுக்கொன்று சொன்னார்கள். அவருக்கு வேண்டியது அவர்களுடைய அபிப்பிராயம் இல்லை.

கடைசியில் மதுரைக்கு டிரங்கால் போட்டார். சீட்டு நிறம் கேட்பதற்கு டிரங்கால் போட்ட மனிதர் அந்த ஜில்லாவிலேயே அவர் ஒருவராகத்தான் இருப்பார்.

"காருக்கு உள்வேலை பாக்குறேன் ராஜமணி. ஒனக்கு என்ன கலர் வேணும்?"

"எனக்கென்ன, உங்களுக்குப் பிடிச்சதாப் போடுங்க."

"ஒனக்காகத்தானே செய்யுறேன். ஒன் எடம் எப்பிடி இருக்கணும்னு சொல்லு."

"இத்தனை வருசமா என்னைப் பாத்திருக்கீகள்ல," என்றாள் ராஜமணி. "உங்களுக்கே தோணும்."

எக்ஸ்சேஞ்சுப் பெண் குறுக்கே வந்து பேச்சை வெட்டிவிட்டாள். சுந்தர்ராஜ் ரிசீவரை வைத்தபோது முகமெல்லாம் சிரிப்பு. எல்லாவற்றையும் தன்னிடமே விட்டுவிட்டாள் என்று அவருக்கு அவ்வளவு சந்தோஷம். அவள் கல்யாணப் பட்டு கருஞ்சிவப்பு என்பது ஞாபகம் வர, அன்றைக்கே ராக்கையாவுக்குக் கருஞ்சிவப்பு என்று சொல்லி அனுப்பினார்.

வேலை அருமையாக வந்தது, அதில் குறை சொல்ல முடியாது. பின்சீட்டு ஒரு ஜமீன்தாரிணிக்குப் போட்டது போல இருந்தது. இடது ஓரத்தில் ரப்பர் இரட்டை மடிப்பு. முதுகுக்குத் தனி மெத்தை, முழங்கைக்குத் திண்டு. பஜாரே வந்து பார்த்துவிட்டுப் போனது.

பண்டிகைக்கு முந்தின நாள் தேனி பஸ் ஸ்டாண்டில் ராஜமணி இறங்கினாள். முடி நன்றாக நரைத்திருந்தது. பேரனைப் பற்றி நாலு வார்த்தை பேசிக்கொண்டே கார் வரைக்கும் வந்தாள். சுந்தர்ராஜ் முந்திக்கொண்டு போய்ப் பின்கதவைத் திறந்து பிடித்தார். பரீட்சை எழுதிவிட்டு வந்த பையன் மாதிரி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

ராஜமணி உள்ளே குனிந்து பார்த்தாள். மெத்தையைத் தடவினாள், திண்டைத் தட்டினாள். பிறகு ஜன்னல் வழியாகக் கையை நீட்டி, டிரைவருக்குப் பக்கத்துச் சீட்டையும் ஒரு அமுக்கு அமுக்கிப் பார்த்தாள்.

"நல்லா இருக்கு," என்றாள். "நான் பின்னாலயே இருக்கணும்னு முடிவு பண்ணி எம்புட்டு அழகாச் செஞ்சிருக்கீக."

குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் அவருக்குப் பதில் சொல்லத் தெரிந்திருக்கும்.

அப்போதுதான் அவருக்கு அது நினைவுக்கு வந்தது. கார் வாங்கின புதிது, கல்யாணமும் புதிது. ராஜமணி முன்கதவைத் திறந்து ஏறப் போனாள். கடை வாசலில் நின்ற அப்பா, "அது வியாபாரிக உக்கார்ற எடம்மா," என்றார். அவள் கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் பின்னால் போய் ஏறினாள். சுந்தர்ராஜ் கார்க் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அப்பா செத்துப் பல வருஷம் ஆயிற்று, வியாபாரிகள் அவரவர் காரில் வர ஆரம்பித்தார்கள். முன்சீட்டில் அவருடைய கடைப் பையும் குடையும் உட்கார்ந்து வந்தன. ராஜமணி பின்னால் மூட்டைகளுக்கு நடுவே இடுங்கிக்கொண்டு வந்தாள். முன்னால் வா என்று ஒருநாளும் அவர் கூப்பிடவில்லை. கூப்பிடக்கூடாது என்றில்லை, அப்படி ஒன்று இருக்கிறது என்றே அவருக்குத் தோன்றியதில்லை.

"முன்னால வந்து உக்காரேன் ராஜமணி," என்றார்.

"இருக்கட்டும். அதுக்குத் துணியைத்தானே மாத்தியிருக்கீக," என்று சொல்லிவிட்டு அவள் பின்னால் ஏறி, தன் வழக்கமான இடத்தில் உட்கார்ந்தாள்.

மறுநாள் அசனத்தில் வழக்கம்போல ஆண்கள் பந்தி ஒருபுறம், பெண்கள் பந்தி ஒருபுறம். ஆட்டுக்கறிக் குழம்பு வாளிகளுக்கு இடையே சுந்தர்ராஜ் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். ராஜமணி யாரோ சொன்னதற்கு வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள். அவள் அப்படிச் சிரிப்பாள் என்பதே அவருக்கு மறந்துபோயிருந்தது. தன் வீட்டில் அந்தச் சிரிப்பைக் கடைசியாக எப்போது கேட்டோம் என்று யோசித்தார், பிடிபடவில்லை.

பண்டிகை முடிந்ததும் பேரன் தேடுவான் என்று கிளம்பிவிட்டாள். தேனிக்குப் புறப்படும்போது சுந்தர்ராஜ் முன்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார். அவள் அவர் கையை லேசாகத் தொட்டு, "இனிமே எதுக்குங்க? பின்னால எடுப்பா இருக்கு, இடுப்பும் வலிக்கலை," என்றாள். மனதாரத்தான் சொன்னாள். அதுதான் அவரை அதிகம் வாட்டியது.

மதுரை பஸ் போன பிறகு அவர் காருக்குத் திரும்பி வந்து பின்கதவைத் திறந்தார். ரப்பர் மெத்தை உப்பி, வழவழவென்று நின்றது. யாருமே உட்காராத சீட்டு மாதிரி இருந்தது. உள்ளங்கையை வைத்து அழுத்தினார். கையை எடுத்ததும் பழையபடி எழும்பிக்கொண்டது. பழைய நாரில் எவ்வளவு ஆழமாகக் குழிந்திருந்தது! கண்ணெதிரே தரையில் கிடந்ததைத் தூக்கிப் போடச் சொன்னவர் அவர்தான்.

நேரே ராக்கையா கடைக்கு ஓட்டினார்.

"அந்தப் பழைய நாரு கெடக்கா ராக்கையா? பின்சீட்டோடது."

"அதையா கேக்குறீக மொதலாளி? கம்பத்துலருந்து ஒரு லாரி வந்துச்சு, டிரைவர் சீட்டுக்குத் திணிச்சு விட்டேன்."

"அந்தக் குழி?"

"குழியோட எவன் வாங்குவான்? நல்லா அடிச்சு உதறித்தான் போட்டேன்," என்றான் ராக்கையா. பிறகு அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, "ரப்பர் ஏதும் சரியில்லையா மொதலாளி?" என்று கேட்டான்.

"ரப்பர்ல ஒண்ணும் குறையில்ல," என்றார் சுந்தர்ராஜ்.

போடி பஜாரில் காரை மெதுவாக ஓட்டி வந்தபோது பக்கத்துக் கடைக்காரர் கையைக் காட்டி நிறுத்தினார். ஜன்னலில் குனிந்து பின்சீட்டை ஒருதரம் எட்டிப் பார்த்துவிட்டு, பழைய பழக்கத்தில் கேட்டார்:

"அம்மா போயிட்டாகளா? மறுபடி எப்ப வர்றாக?"

பேரன் பெரிய வகுப்புக்குப் போகட்டும் என்று சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. சுந்தர்ராஜ் பக்கத்துச் சீட்டைப் பார்த்தார். கடைப் பை இருந்தது, குடை இருந்தது.

"அவ வரமாட்டா," என்றார்.