அக்கா பேர்ல ஓடினவ

எனக்கு இன்னும் ஆத்திரம் அடங்கல. அடங்கவும் வேணாம்.

கும்மிடிப்பூண்டியில இரும்பு உருக்குற கம்பெனி ஒண்ணுல நான் கான்ட்ராக்ட் ஆளு. பொறந்தது இங்க பக்கத்துலயே, ஆரணி ஆத்தோரம், நெல்லு பயிரு வெக்கிற ஊடு. பள்ளிக்கூடத்துல படிக்கிறப்ப இருந்தே பத்து கிலோமீட்டர் ஓடுறேன். விடிகாலையில ஆத்தங்கரையில ஓடிட்டு, குளிச்சி, பஸ் புடிச்சி ஷிப்ட்டுக்குப் போவேன். இந்த ஓட்டத்தாலயே ஒரு நிரந்தர வேலை வாங்கிடணும், அவ்ளோதான் ஆசை.

வருஷா வருஷம் சுத்துப்பட்டு கம்பெனிங்க எல்லாம் சேர்ந்து ஓட்டப் பந்தயம் வெப்பாங்க. பர்மனென்ட் ஆளுங்கதான் ஓடலாம்னு ரூலு. எங்க கம்பெனியில பர்மனென்ட் பொம்பளைங்க நாலே பேரு. நாலு பேருமே மாடிப்படி ஏறினா மூச்சு வாங்குறவங்க. அதனால எச்.ஆர். சார் என்னக் கூப்ட்டு, ஆபீஸ்ல டைப் அடிக்கிற அக்கா பேர்ல வந்த, பனியன்ல குத்திக்கிற நம்பரை என் கையில குடுத்தாரு. "கம்பெனிக்காக ஓடும்மா. உன்ன பர்மனென்ட் ஆக்குறது என் பொறுப்பு." எல்லாக் கம்பெனியிலயும் இப்படித்தான் ஆள் மாத்தி ஓட வெக்கிறாங்க, யாரும் யாரையும் காட்டிக் குடுக்க மாட்டாங்க. நானும் தலைய ஆட்டினேன், புத்தி கெட்டவ.

நாலு வருஷம் ஜெயிச்சேன். மைக்ல அக்கா பேரு, சர்டிபிகேட்டுல அக்கா பேரு. அவங்க நல்லவங்கதான், பாவம். ஒவ்வொரு தடவையும் எனக்கு நாஷ்டா வாங்கிக் குடுத்து, "எங்க ஊட்டு ஷோகேஸ்ல எடமே இல்லடீ"ன்னு சிரிப்பாங்க. எனக்குத்தான் சிரிப்பு வரல.

போன வருஷம் எங்க கம்பெனியிலயே ஸ்போர்ட்ஸ் கோட்டாவுல ஒரு நிரந்தர வேலை வந்துச்சி. சாரு ரூமுக்குப் போயி நின்னேன். "நீ ஜெயிச்சதுக்கு இன்னாம்மா ஆதாரம்?"ன்னாரு. என் மூஞ்சியப் பாத்தே கேட்டாரு!

"சார், நம்பர் குத்திக்க ஊக்கு எடுத்துக் குடுத்ததே நீங்கதானே?"

"அதெல்லாம் பேப்பர்ல இல்லையே. பேஜாரு பண்ணாத, அடுத்த வருஷம் பாக்கலாம்."

வேலை வேற ஊரு ஆளுக்குப் போச்சி. ஊட்டுல நைனாகிட்ட சொன்னா, "வுட்ரும்மா"ன்றாரு. இன்னாத்த வுடுறது? என் நாலு வருஷத்தையா?

இந்த வருஷப் பந்தயத்துக்கும் சாரு அக்கா நம்பரை எடுத்துக்கினு வந்து நின்னாரு. நான் வாங்கல. பேர் எழுதுற மேஜைக்குப் போயி என் சொந்தப் பேரைச் சொன்னேன். "லிஸ்ட்ல இல்லையேம்மா"ன்னாங்க. இல்லன்னா போவுதுன்னு கடைசி ஆளுக்குப் பின்னாடி போய் நின்னேன். சாரு பல்லைக் கடிச்சிக்கினு, "நாளைக்கு கேட்டுக்குள்ள வந்துடுவியா நீ?"ன்னாரு.

"வரல, போய்யா!"

ஓடினேன். நாலு வருஷத்துக் கோவத்தையும் சேர்த்து ஓடினேன். லாரி கெளப்புன புழுதியெல்லாம் தொண்டைக்குள்ள. கோட்டைத் தாண்டுறப்ப எனக்கு முன்னாடி ஒருத்தியும் இல்ல. மூச்சு எறைக்க எறைக்க, வாட்ச்சோட நின்னவரைக் கேட்டேன்: "சார், எவ்ளோ நேரம்?"

அவரு என் பனியனைப் பாத்தாரு. "நம்பர் இல்லாதவங்களுக்கு நாங்க டைம் எடுக்கிறதில்லம்மா."

என் பேர்ல நான் ஓடின மொத ஓட்டம் அது. எவ்ளோ நேரத்துல ஓடினேன்னு எனக்கே தெரியாது.