ஏற்பேனா, ஏற்கிறேனா

மார்ஜரியைப் போல நெஞ்சழுத்தக்காரியை நான் பார்த்ததில்லை. தேம்ஸ் தென்கரை நாடகக் கொட்டகையில் அவள் பீர் விற்றாள், நான் ஆப்பிள் விற்றேன். புருஷன் செத்துத் துக்கம் ஆறியபின் அவள் கண் பார்னபி மேல் விழுந்தது. அவன் நாடகக் கம்பெனியில் காதலன் பார்ட் கட்டுகிறவன். மேடையில் அவன் பேச்சுக்கு மீன்காரிகூட உருகுவாள். இறங்கி வந்தாலோ வாயில் கொழுக்கட்டை. மார்ஜரியிடம் பீர் கேட்பதற்கே காது சிவந்துவிடும். குடித்து முடித்த பிறகும் காலிக் குவளையோடு நிற்பான். இந்த லட்சணத்தில் கம்பெனி மறுநாள் வெளியூர் கிளம்புகிறது. எவளாவது அவனைக் கொத்திக்கொண்டு போய்விடுவாளே என்று இவள் என்னிடம் புலம்பினாள்.

எங்கள் ஊரில் கல்யாணத்துக்குப் பாதிரியார்கூட அப்புறம்தான். நாலு பேர் பார்க்கக் கையைப் பிடித்து இருவரும் "ஏற்கிறேன்" என்றால் முடிந்தது கதை. "ஏற்பேன்" என்றால் வெறும் வாக்கு, நழுவிவிடலாம். அதனால்தான் நாடகம் எழுதுகிறவர்கள் உஷாராக "ஏற்பேன்" என்றே எழுதுவார்கள். பெண் வேஷத்துக்குப் பாவாடை கட்டிய பையனோடு நடிகன் குடும்பம் நடத்த முடியுமா?

"வெறும் வாக்காவது வாங்கிடறேன்டி" என்றாள் மார்ஜரி. நடிகனுக்குத் தன் வசனமும் அதற்கு முந்தைய சில சொற்களும்தான் எழுதிக் கொடுப்பார்கள். அந்தச் சொற்கள் காதில் விழுந்தால் வசனம் தானாக வரும். தினமும் கேட்டு, காதலி சொல்லும் அந்தச் சொற்கள் இவளுக்கும் மனப்பாடம்.

அன்று பிற்பகல், காதலி வேஷக்காரப் பையன் வாயைத் திறப்பதற்குள், மேடையோரம் என்னோடு நின்ற மார்ஜரி கையை நீட்டி முந்திக்கொண்டாள்.

"என் கையைப் பற்றுபவர் யார்?"

பார்னபி திரும்பி அவளைப் பார்த்தான். காது சிவந்தது. போச்சு, வாயடைத்துவிட்டது என்று நான் தலையில் கை வைத்தேன். அவனோ மண்டியிட்டு அவள் கையைப் பிடித்தான்.

"நான். உன்னை என் மனைவியாக ஏற்கிறேன்."

திரைக்குப் பின்னால் நாடகப் புத்தகத்தோடு நின்று வசனம் எடுத்துக்கொடுப்பவர் பதறிப்போனார். "ஏற்பேன்! 'ஏற்பேன்'னு சொல்லுடா, மடையா!"

பார்னபி அவள் முகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "சரியாத்தான் சொன்னேன், அண்ணே" என்றான்.

கொட்டகை மொத்தமும் மார்ஜரியின் பதிலுக்குக் காத்திருந்தது. இத்தனை திட்டம் போட்ட மகராசிக்கு இப்போது வாயில் கொழுக்கட்டை. காலிக் குவளை மாதிரி நிற்கிறாள். எனக்கு வந்ததே கோபம், இடுப்பில் நறுக்கென்று கிள்ளினேன்.

"ஏற்கிறேன்!" என்று அலறினாள்.