பாதித் தலையில் ஒரு கேள்வி

கத்தரி வலது காதுக்கு மேலே வந்ததும் நின்றுவிடுகிறது. இடது பக்கம் வெட்டி முடிந்தாயிற்று. வலது பக்கம் இன்னும் காடு. நாற்காலியில் இருப்பவர் சாரம் கட்டும் வேலைக்காரர், போர்ச்சுகலின் வடக்கிலிருந்து போன வருடம்தான் வந்தவர். கழுத்திலிருந்து முழங்கால் வரை ஊதாத் துணி போர்த்தியிருக்கிறது. கைகள் இரண்டும் துணிக்குள்ளே. தியோலிந்தா கண்ணாடி வழியாக அவர் முகத்தைப் பார்த்து, மழை வருமா என்று விசாரிக்கிற குரலில் கேட்கிறார்.

“பேரு சேத்தாச்சா?”

“எதுல, டோனா தியோலிந்தா?”

“வாக்காளர் பட்டியல்ல.”

“அதான் ஏப்ரல்லயே மூடிட்டாங்களாமே. ஜூன் தேர்தலுக்கு இனிமே சேர முடியாதுன்னாங்க.”

“ஜூன் போனா போகுது. அடுத்ததுக்குச் சேரு.”

“அதுக்கு இன்னும் ஆறு வருஷம் இருக்கு!”

“அப்ப மீதித் தலையையும் அப்பவே வெட்டிக்கலாம்.”

கத்தரி மேசைக்குப் போய்விடுகிறது. தியோலிந்தா துண்டுகளை மடிக்க ஆரம்பிக்கிறார். ஒரு துண்டு, இரண்டு துண்டு. காத்திருக்கும் நாங்கள் கண்ணாடி வழியாக வேடிக்கை பார்க்கிறோம். பிறகு அவரே மனமிரங்கிச் சொல்கிறார்: “நகரசபை ரெண்டு தெரு தள்ளித்தான். அடையாள அட்ட பையில இருக்கில்ல? துணியக் கழட்ட வேணாம், அப்படியே போயிட்டு வா. காப்பி போட்டு வைக்கிறேன்.”

எங்கள் ஊர்க் கடைத்தெருவில் ஊதாத் துணியும் பாதித் தலையுமாக ஒருவர் நடந்துபோனால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. நகரசபைக் கவுண்ட்டரில் இருக்கும் பெண், துணியின் நிறத்தைக் கண்டதுமே, “தியோலிந்தா கடையா? இப்படி வாங்க” என்று கூப்பிட்டுவிடுவாள்.

நான் அந்தக் கடைக்கு மேல்மாடியில் குடியிருப்பவன். டவுன் பஸ் ஓட்டுகிறேன். நானும் போர்ச்சுகல்காரன்தான், என் தலையும் ஒரு காலத்தில் அந்தத் தெருவில் பாதியாக நடந்து போன தலைதான். லக்சம்பர்க்கின் தெற்கு ஓரத்தில், பிரான்ஸ் எல்லையை எட்டித் தொடும் தூரத்தில் இருக்கிறது எங்கள் ஊர். இரும்புச் சுரங்கம் மூடிய பிறகு, கட்டடம் கட்டவும் அலுவலகம் துடைக்கவும் எங்கள் ஆட்கள் வந்து நிரம்பிவிட்டார்கள். ஐரோப்பாவின் இன்னொரு நாட்டுக் குடிமகன் இங்கே குடியிருந்தால், பாராளுமன்றத்துக்கு ஓட்டு கிடையாது. ஆனால் ஊரை ஆளும் நகரசபைக்கு உண்டு. ஒரே ஒரு நிபந்தனை, அவரே போய்ப் பெயரைச் சேர்க்க வேண்டும். அந்தப் போய்ச் சேர்க்கிற வேலைக்குத்தான் எங்கள் ஆட்களைக் கயிறு கட்டி இழுக்க வேண்டியிருக்கிறது.

தியோலிந்தாவுக்கு வயது ஐம்பத்தெட்டு. குள்ளம். மூக்குக்கண்ணாடியைச் சங்கிலியில் தொங்கவிட்டிருப்பார், கண்ணில் வைத்து நான் பார்த்ததில்லை. கடைக்குள் மரச்செருப்பு, வெளியே தோல்செருப்பு. மாற்றிப் போட்டால் அன்றைக்கு வெட்டெல்லாம் கோணலாகும் என்று நம்பிக்கை. யாருக்கு ஓட்டுப் போடலாம் என்று கேட்டால் கோபம் வரும். “அது உன் பாடு. எங்கிட்டச் சொல்லாத, காதுல விழுந்தா மனசுல நிக்கும்” என்று தண்ணீர்க் குழாயைத் திறந்துவிடுவார்.

சாக்குகளுக்குக் கைவசம் பதில் உண்டு. பட்டியலில் சேர்ந்தால் கட்டாயம் போய் ஓட்டுப் போட வேண்டும், இந்த நாட்டில் சட்டம் அப்படி என்று ஒருவர் முனகினால், “ஞாயித்துக்கிழம ரொட்டி வாங்கப் போறே இல்ல? ஓட்டுப் போடற பள்ளிக்கூடம் அதுக்கு எதிர்த்தாப்பலதான்” என்பார். பாஷை தெரியாது என்றால், “பேரு பக்கத்துல குறி போடறதுக்கு என்னய்யா பாஷ?” ஆனால் ஒரு சாக்கு மட்டும் அவரை உண்மையாகவே வாட்டும். இங்கே பெயர் சேர்த்தால் சொந்த ஊர்ப் பட்டியலில் பெயரை வெட்டிவிடுவார்கள் என்பது. எங்கள் ஆட்களில் பாதிப் பேர் இதை வேதவாக்காக நம்புகிறார்கள். ஐரோப்பியப் பாராளுமன்றத்துக்கு மட்டும்தான் இங்கேயா அங்கேயா என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். நகரசபைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. சொன்னால் யார் கேட்கிறார்கள்!

இந்தப் பிடிவாதம் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும், நான் அன்று ஜன்னலில் நின்றிருந்தேன். போன நகரசபைத் தேர்தல் சமயம். ஜெம்பி என்று ஒரு வேட்பாளர், உள்ளூர்க்காரர், நல்ல சிரிப்பு. வீடு வீடாக ரோஜாப்பூ கொடுத்துக்கொண்டு வந்தார். தியோலிந்தா ஈரக் கையை மேலங்கியில் துடைத்துக்கொண்டு வாசலில் நின்றார். ஜெம்பியோடு வந்த பையன் பூவை நீட்டப் போனான். ஜெம்பி அவன் முழங்கையைத் தொட்டு, லக்சம்பர்க் மொழியில் ஏதோ சொல்லி, அடுத்த தெருவுக்குத் திருப்பினார்.

ஊர்க் கிழவிகளுக்கெல்லாம் முடி சுருட்டிவிடுகிறவருக்கு அந்த மொழி தெரியாமல் இருக்குமா? “இங்க ஓட்டு இல்ல, வா” என்று சொன்னாராம்.

“பூவுக்காகச் சொல்லல” என்றார் தியோலிந்தா அன்று மாலை என்னிடம். “நான் வரி கட்டறேன். எம் புருஷன் இந்த ஊருல பாதி வீட்டுக்குக் கூர போட்டிருக்கான். கதவில்லாத சுவரத் தாண்டிப் போற மாதிரி போறான் பாரு.” மறுவாரமே போய்ப் பெயரைச் சேர்த்துவிட்டார். அதன் பிறகுதான் இந்தப் பாதித் தலை வைபவம்.

ஆனால் வெறும் ரோஷம் இத்தனை வருடம் தாங்காது. அதற்குத் தீனி போட்டது பிள்ளைகள் காப்பகம். எங்கள் தெருப் பெண்கள் விடிவதற்கு முன்பே தலைநகருக்கு ரயில் ஏறி, அலுவலகங்களைத் துடைத்து வைக்கிறவர்கள். காப்பகமோ ஏழு மணிக்குத்தான் திறக்கிறது. முதல் பஸ்ஸை எடுக்க நான் இறங்கி வரும்போதே தியோலிந்தா கடையின் ஷட்டர் ஏறிவிடும். பெஞ்சில் இரண்டு பிள்ளைகள், முடி உலர்த்தும் நாற்காலிகளில் மூன்று. அதில் ஒன்று அவர் பேத்தி லாரா, மகள் வானியாவின் பெண். உலர்த்தியின் பெரிய கூண்டுக்கு அடியில், கோட்டுப் பொத்தான் கழற்றாமல் தூங்கும்.

காப்பகத்தை ஐந்து மணிக்குத் திறக்கச் சொல்லி தியோலிந்தா நகரசபைக்குப் போனார். அந்தத் துறை இப்போது ஜெம்பி கையில். மரியாதையாக உட்காரவைத்துக் கேட்டுக்கொண்டாராம். “பார்க்கலாம் மேடம். ஆனா, இதை ரொம்பப் பேர் கேக்கலியே” என்றாராம்.

“கேக்கறவங்க பேரு அவன் பட்டியல்ல இல்ல, அதான் காதுல விழல” என்று வந்து பொரிந்து தள்ளினார். “எனக்கு ஒரு காய்ச்சல் வந்தா போதும், அஞ்சு வீட்டுல வேல போயிடும்.”

இத்தனைக்கும், ஊரையெல்லாம் சேர்த்தவரால் சேர்க்க முடியாத ஆள் ஒருவர் இருந்தார். அவர் புருஷன் அர்மிந்தோ. கூரை வேலைக்காரர், யானை பலம், யானைப் பிடிவாதம். “நாம இங்க விருந்தாளி. விருந்தாளிக்கு வீட்டுக்காரன் சமையக்கட்டுல என்ன வேல?” என்பார்.

“முப்பத்தஞ்சு வருஷமா எந்திரிச்சுப் போகாத விருந்தாளிய நான் இப்பத்தான் பாக்கறேன், மனுஷா!”

விருந்தாளி என்பது பேச்சுக்கு. உள்ளே இருந்தது அந்தப் பெயர் வெட்டும் பயம். சொந்த ஊரில் அவருடைய பெரியப்பா மகன் ஒவ்வொரு தடவையும் ஊர்த் தலைவர் பதவிக்கு நிற்கிறார். இரண்டு மூன்று ஓட்டில்தான் ஜெயிப்பார். அந்த ஓட்டைப் போட இவர் இரண்டு நாள் வண்டி ஓட்டிக்கொண்டு போவார். தியோலிந்தா ஒரு சனிக்கிழமை தூதரகத்து ஆளையே முடிவெட்ட வரவழைத்து விளக்கச் சொன்னார். அர்மிந்தோ பொறுமையாகக் கேட்டுவிட்டு, “நல்ல பையன். பாவம், அவனுக்கு ஒண்ணும் தெரியல” என்றார்.

புத்தாண்டு அன்று தியோலிந்தா அறிவித்தார்: பெயர் சேர்க்கும்வரை அர்மிந்தோ தலையில் கத்தரி படாது.

முதல் மாதம் ஊர் சிரித்தது. இரண்டாம் மாதம் தலைக்கவசம் ஏறவில்லை. காப்பிக் கடையில், “சலூன்காரி புருஷன் தலையப் பாருடா! அடுத்த வாரம் சடை போட்டுக்கிட்டு வருவான்” என்று கூவினார்கள். அர்மிந்தோ யாருக்கும் தெரியாமல் எல்லை தாண்டிப் பிரான்ஸ் பக்கத்துக் கடை ஒன்றுக்குப் போனார். அங்கே இருந்தவன் தியோலிந்தாவிடம் தொழில் பழகியவன். “மன்னிச்சிக்கங்கண்ணே, அக்கா போன் பண்ணிட்டாங்க” என்று கதவைத் திறந்துவிட்டான், வெளியே போவதற்கு.

மார்ச் நடுவில் தியோலிந்தாவுக்கு நிஜமாகவே காய்ச்சல் வந்தது. கடையை ஒட்டிய வீட்டில் கம்பளிக்குள் சுருண்டுவிட்டார். “படுத்துக்க, நான் பாத்துக்கறேன்” என்று அர்மிந்தோ ஷட்டரைத் தூக்கினார். முதல் பஸ்ஸுக்கு இறங்கிய நான் பார்த்தேன்: ஒரு குழந்தை மடியில் அழுகிறது, இன்னொன்று சோப்பு நுரையைச் சுவரில் பூசுகிறது, லாரா பால் எங்கே இருக்கிறதென்று பாட்டனுக்கு அதிகாரமாக விளக்குகிறது. அவர் கூரைக்குத் தாமதமாகப் போய், மேஸ்திரியிடம் திட்டு வாங்கினார். மறுநாளும் திட்டு. அதற்கடுத்த நாள் காலை நான் கீரை சூப்போடு போனபோது, படுக்கையருகில் நின்று கத்திக்கொண்டிருந்தார்.

“ஏழு மணிக்குத்தான் திறப்பானுங்களாம்! விடியங்காட்டியும் வேலைக்குப் போறவ பிள்ளைய எங்க கொண்டுபோய்ப் போடுவா? எவன்டா இதுக்கெல்லாம் பொறுப்பு?”

கம்பளிக்குள்ளிருந்து மெதுவாகக் குரல் வந்தது: “உனக்கென்ன மனுஷா, நீ விருந்தாளி. விருந்தாளி இதெல்லாம் கேக்கப்படாது.”

அர்மிந்தோ என் கையிலிருந்த சூப்பைப் பார்த்தார். பிறகு தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

மதியம் தார் பிசுக்கோடு, பூட்ஸோடு, காதை மூடிய முடியோடு நகரசபைக் கவுண்ட்டரில் நின்றாராம். “துணி இல்லாம வந்திருக்கீங்களே!” என்று அந்தப் பெண் கேட்டிருக்கிறாள். “அந்தத் துணியெல்லாம் தொவைக்கறவனே நான்தாம்மா” என்றாராம்.

வீட்டுக்கு வந்து, “பேரு சேத்தாச்சு. ஊர்ல என் பேர வெட்டினானுங்கன்னா உன்னத்தான் கேப்பேன், பாத்துக்க” என்றார். தியோலிந்தா காய்ச்சலோடு எழுந்தார், மரச்செருப்பைத் தேடி மாட்டினார், சமையலறை ஸ்டூலை இழுத்துப் போட்டார். வெட்டி முடித்ததும் கண்ணில் முடி விழுந்துவிட்டது என்று அர்மிந்தோ துடைத்துக்கொண்டார்.

போன சனிக்கிழமை கடை நிரம்பி வழிந்தது. அர்மிந்தோ மூலையில் விளையாட்டுப் பத்திரிகை படித்துக்கொண்டிருந்தார். நான் என் முறைக்குக் காத்திருந்தேன். கதவு மணி அடித்தது. ஜெம்பி. ஊர் முழுக்கக் கம்பங்களில் சிரிக்கும் அதே முகம். கையில் பூ விதைப் பொட்டலங்கள்.

“வணக்கம் மேடம்! இந்தத் தெருவுல நிறையப் புது வாக்காளர்கள்னு கேள்விப்பட்டேன்” என்றார்.

“வாங்க, வாங்க” என்று தியோலிந்தா ஒரு பொட்டலத்தை வாங்கி முகர்ந்து பார்த்தார். “போஸ்டர்ல நல்லா இருக்கீங்க. நேர்ல காதோரம் கொஞ்சம் வளந்திருக்கே. உக்காருங்க, ரெண்டே நிமிஷம்.”

அர்மிந்தோ பத்திரிகையை மடித்தார். பெஞ்சில் இருந்த எங்கள் எல்லாருக்கும் அடுத்து என்ன என்று தெரியும். அவருக்கு மட்டும் தெரியவில்லை. சந்தோஷமாக உட்கார்ந்தார். ஊதாத் துணி கழுத்தில் ஏறியது.

இடது பக்கம் அத்தனை அழகாக வெட்டி நான் பார்த்ததில்லை. கத்தரி பின்கழுத்தைச் சுற்றி, வலது காதுக்கு மேலே வந்து நின்றது.

“காப்பகம் காலைல அஞ்சு மணிக்குத் திறக்குமா?”

ஜெம்பி சிரித்தார். “நல்ல கேள்வி, மேடம். பார்க்கலாம். ஆனா, ரொம்பப் பேர்...” என்று ஆரம்பித்து, கண்ணாடியில் பெஞ்சைப் பார்த்தார். நாங்கள் எல்லாரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தோம். “நான் ஒருத்தன் சொன்னா ஆகாது, சபையில மத்தவங்களயும் கேக்கணும்...”

“தாராளமா கேளுங்க. நகரசபை ரெண்டு தெரு தள்ளித்தான். சனிக்கிழம உங்க சபை ஆளுங்க எல்லாம் அந்த வாசல்லதான விதை குடுத்துக்கிட்டு நிக்கறாங்க. துணியக் கழட்ட வேணாம்.”

சொல்லிவிட்டு, கத்தரியை மேலங்கிப் பைக்குள் போட்டுப் பொத்தானை மாட்டினார் தியோலிந்தா. விடியற்காலையில் லாரா தூங்கும் அந்த உலர்த்தி நாற்காலியில் போய், கால்மேல் கால் போட்டு உட்கார்ந்துகொண்டார்.