தயிர்க்கடைகள் வரைந்த குடா

மூதூரில் எருமைத் தயிர் போட்டுக் கடைகளுக்குக் கொடுக்கும் ஒரு பெண்மணிக்கு நான் கணினி வேலைகள் செய்து கொடுத்துவந்தேன். அக்கா என்ற முறையில் ராத்தா என்றுதான் கூப்பிடுவேன்.

"எந்தக் கடையில தயிர் இருக்கெண்டு ஆக்கள் போன் அடிச்சுக்கொண்டே இருக்கிறாங்க, புள்ள. மெப்பில காட்டேலாதா?" என்று ஒருநாள் கேட்டார்.

"ஓம், காட்டலாம்" என்றேன்.

கடைகளின் பெயர்கள் ஏற்கெனவே எக்செல் தாளில் இருந்தன. தயிர் இறக்கப் போகும் வான் சாரதி ஒவ்வொரு கடை வாசலிலும் நின்று, அந்த இடத்தின் அகலக்கோடு, நெடுங்கோடு எண்களைப் போனில் அனுப்பினார். அந்த எண்களை இரண்டு நிரல்களில் தட்டினேன்.

ராத்தா உப்புவெளியில் இருக்கும் என் வீட்டுக்கு பஸ்ஸில் வந்து, என் பக்கத்தில் கதிரையைப் போட்டு உட்கார்ந்த பிறகுதான் தாளை வரைபடத்தில் ஏற்றினேன். இலங்கையில் ஒரு கடைகூட இல்லை. படத்தைச் சுருக்கிச் சுருக்கிப் பார்த்தால், எல்லாம் வடதுருவத்துக்குக் கிட்ட, உறைந்த கடலில் கிடந்தன.

"அங்க ஆருக்குப் புள்ள தயிர்?" ராத்தா விழுந்து விழுந்து சிரித்தார்.

அகலக்கோடும் நெடுங்கோடும் நிரல் மாறியிருந்தன. திருத்திவிட்டு மறுபடி ஏற்றினேன்.

அன்று இணையம் மந்தம். தெருக்களும் கடலும் வரவில்லை. சாம்பல் திரையில் சிவப்புப் புள்ளிகள் மட்டும், தாளில் இருந்த வரிசைப்படி விழுந்தன. உப்புவெளி, பட்டினம், கிண்ணியா, மூதூர், கடைசியாகக் கட்டைபறிச்சான்.

புள்ளிகள் சேர்ந்து ஒரு பெரிய வளைவாக நின்றன. நடுவில் ஒன்றுமில்லாத அந்தப் பெரிய வளைவு, எங்கள் கொட்டியாரக் குடா. கரையை ஒருவரும் வரையவில்லை. கடைகள் தங்கள் தங்கள் தெருவில் இருந்ததே போதுமாக இருந்தது. பிறந்தது முதல் அந்தக் கடலோடு இருக்கிறேன். ஆனால் அதை முழுதாகக் கண்டது அன்றுதான்.

ராத்தா சிரிப்பை விட்டு, புள்ளிகளின் மேல் விரலை மெல்ல ஓட்டினார். "அல்லாஹ்வே, இப்பிடி வளைஞ்சா போறம் நாங்க? கிழமைக்குக் கிழமை போற ரோட்டு. கடல் இடைக்கிடை தெரியும். இவ்வளவு பெரிய சுத்து எண்டு தெரியாமப் போச்சே."

கொஞ்ச நேரத்தில் நீலமும் தெருக்களும் வந்து, புள்ளிகளுக்கு அடியில் கச்சிதமாகப் பொருந்தின.

"முந்தின மாதிரியே வைக்கேலாதா?"

"ஏலாது ராத்தா. ஆக்களுக்கு வழி தெரியோணுமே."

அரை மனதோடு தலையாட்டினார். வரைபடம் அன்று பின்னேரமே இணையத்துக்குப் போனது. அவருக்காகத் தெருக்களையெல்லாம் மறைத்து, புள்ளிகளை மட்டும் படமெடுத்துப் போனுக்கு அனுப்பினேன். பஸ்ஸில் திரும்பிப் போகும்போது பக்கத்துச் சீட்டுக்காரிக்கு அதைக் காட்டிக் கதைத்ததில், இறங்கவேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்விட்டாராம்.