தெமோதரை ஏற்றத்தில் கொதித்த வண்டி

பெரகலச் சந்திக்குக் கீழே இருந்த ஒரு தோட்டத்தில் துரைக்கு மோட்டார் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தேன். அந்தப் பக்கத்தில் அப்போது மோட்டார் வண்டி அபூர்வம். ஹாரன் சத்தம் கேட்டால் சந்திக் கடைக்காரர்கள் வெளியே வந்து பார்ப்பார்கள். கொழுந்துக் கூடையும் மண்வெட்டியும் இல்லாத வேலை என்பதால் பலருக்கும் என்மேல் ஒரு கண். ஸ்டோர் கணக்கப்பிள்ளைக்கு இரண்டு கண்ணும் இருந்தது. தேயிலை ஆலையைத்தான் தோட்டத்தில் ஸ்டோர் என்போம். அதன் சாவி எப்போதும் அவன் இடுப்பில்தான் தொங்கும். அவனுடைய அக்காள் மகன் கொழும்பில் வண்டி ஓட்டப் பழகிவிட்டு வந்து, வேலையில்லாமல் அவன் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

ஒரு மழைக்காலத்தில் வண்டிக்கு நோய் வந்தது. சமதரையில் ஒழுங்காகப் போகும். ஏற்றம் வந்தால் மூச்சு முட்டும், இழுக்காது. கொஞ்ச நேரத்தில் ரேடியேட்டர் மூடி வழியாக ஆவி பீறிடும். தண்ணீர் ஊற்றினேன், விசிறிப் பட்டையை இறுக்கினேன். எனக்கு அப்போது ஓட்டத்தான் தெரியும், உள்ளே நடப்பது தெரியாது. ஒருநாள் அப்புத்தளை ஏற்றத்தில், துரையின் மனைவி துரைசாணி உள்ளே இருக்கும்போதே வண்டி நின்றுவிட்டது. கொட்டும் மழையில் அந்த அம்மா நனைந்தபடி நடக்க வேண்டியதாயிற்று.

மறுநாள் காலையில், வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக்களத்தில் எல்லா ஆட்களும் கூடியிருக்கும்போது, கணக்கப்பிள்ளை துரையிடம் சொன்னான்: "தண்ணியில்லாம ஓட்டி இஞ்சினைக் கருக்கிட்டான் தொரை. ஓட்டத் தெரியாதவன் கையில குடுத்தா இப்படித்தான்."

துரை என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. "பேர் வெட்டு" என்றார். என் வேலை போயிற்று. அன்றைக்கே நாங்கள் குடியிருந்த லயத்து அறைக்கு, அந்தக் காம்பிராவுக்கு, கணக்கப்பிள்ளை பூட்டுப் போட்டான். என் மனைவி பிள்ளைத்தாய்ச்சி. "மழை விடட்டும் ஐயா, ஒரு ராத்திரி இருந்துட்டுப் போறோம்" என்று அவள் கெஞ்சினாள். "இது என்ன சத்திரமா?" என்று கேட்டுவிட்டு, எங்கள் சோற்றுப்பானையை அவனே தூக்கி வெளியே வைத்தான்.

பதுளைக்கு நடந்தோம். அங்கே ஆஸ்பத்திரி இருந்தது. ஆனால் தெமோதரைக்கு அப்பால் இறக்கத்தில் அவளுக்கு வலி வந்துவிட்டது. பக்கத்துத் தோட்டத்துப் பெண்கள் சேலையைப் பிடித்து மறைவு கட்டினார்கள். பிள்ளை அழவில்லை. அங்கிருந்த பாலத்தை ஒட்டிய மேட்டில் நானே குழி தோண்டினேன்.

பதுளையில் ஒரு முஸ்லிம் முதலாளி வண்டிச் சாமான் கடையும் பின்பக்கம் ஒரு பட்டறையும் வைத்திருந்தார். அவரிடம் சேர்ந்தேன். வண்டியைப் பிரித்துப் போட்டுப் பார்த்துப் பார்த்துத் தொழில் பழகினேன். எந்த வண்டியைப் பிரித்தாலும் என் மனம் துரையின் வண்டியைத்தான் பிரித்துக்கொண்டிருந்தது. நான் தண்ணீர் இல்லாமல் ஓட்டவில்லை. அப்படியானால் அது ஏன் கொதித்தது?

மழையெல்லாம் ஓய்ந்து வெயில் காலம் வந்தபிறகு, ஒரு காலையில் பட்டறை வாசலில் துரையின் வண்டிச் சத்தம் கேட்டது. நிமிர்ந்து பார்க்காமலே எனக்குத் தெரிந்துவிட்டது. ஓட்டி வந்தவன் கணக்கப்பிள்ளையின் அக்காள் மகன்; என் வேலை அவனுக்குப் போயிருந்தது. பின்னால் துரையும், சாமான் வாங்க வந்த கணக்கப்பிள்ளையும். புது ரேடியேட்டர் போட்டிருந்தார்கள். நோய் மட்டும் பழையது.

துரை என்னை அடையாளம் கண்டாரோ இல்லையோ, "பார்த்து வை" என்று முதலாளியிடம் சொல்லிவிட்டு அரசாங்கக் கச்சேரிக்குப் போனார். கணக்கப்பிள்ளை என்னைக் கண்டுகொண்டான். அவன் முகம் போன போக்கு எனக்குத் தேனாக இனித்தது.

வண்டிக்கு அடியில் படுத்திருந்தபோது பிரேக் கம்பியின் ஆணி என் கண்ணெதிரே இருந்தது. அதைக் கொஞ்சம் தளர்த்தினால் போதும், அப்புத்தளை வளைவு மற்றதைப் பார்த்துக்கொள்ளும். முதலாளி குனிந்து என் முகத்தைப் பார்த்தார். என் கதை முழுவதும் அவருக்குத் தெரியும். "பகையை வயித்துக்குள்ள வச்சுக்க. வண்டிக்குள்ள வைக்காத" என்றார். கையை எடுத்துவிட்டேன்.

முறையாகத் தேடினேன். தண்ணீர் சரி, பட்டை சரி. நெருப்புப் பொறியை முந்தவும் பிந்தவும் வைக்கிற கைப்பிடி சரியான இடத்தில்தான் நின்றது. ஜாக்கி வைத்துச் சக்கரங்களைச் சுற்றினேன். பிரேக் எதையும் பிடிக்கவில்லை. கடைசியில் இஞ்சினை முடுக்கி, புகைக்குழாயின் வாயில் உள்ளங்கையை வைத்தேன். கையைத் தள்ளிவிட வேண்டிய புகை, சாகக் கிடக்கிறவன் மூச்சுப்போல வந்தது. வெளியே போக வேண்டிய சூடு போக வழியில்லாமல் உள்ளேயே நின்று இஞ்சினை அவித்துக்கொண்டிருந்தது. இடையில் எதுவோ அடைத்திருக்கிறது.

உடனே கழற்றியிருக்கலாம். துரை வரட்டும் என்று விட்டேன். அதுவரைக்கும் எனக்கு வேறொரு வேலை இருந்தது. "ஏத்தத்துல ஓட்டிப் பார்க்கணும். ஐயாவும் மருமகனும் ஏறுங்க, பாரம் வேணும்" என்றேன்.

தெமோதரை ஏற்றத்தில், அதே பாலத்துக்குப் பக்கத்தில், வண்டி கொதித்து நின்றது. அது அங்கே நிற்கும்வரை நான்தான் வேண்டுமென்றே மிதித்து ஓட்டினேன்.

"தண்ணி கொண்டாங்க ஐயா."

"நீ போய் எடு."

"நான் இஞ்சினை விட்டு நகரக் கூடாது. மருமகன் பிரேக்கை மிதிச்சிருக்கணும். உருண்டா பள்ளந்தான்."

கணக்கப்பிள்ளை வெள்ளைக் கோட்டோடு வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடையில் இறங்கினான். சேறும் அட்டையுமாக ஏறி வந்தான். போதாது என்று திரும்பவும் அனுப்பினேன். வந்ததும் சூட்டோடு மூடியைத் திறக்கப் போனான், கையைத் தட்டிவிட்டேன். வெந்துபோய் அவன் ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டால் என் காரியம் என்னாவது?

"அந்த மேட்டுலதான் ஐயா எம்புள்ளையைப் பொதைச்சிருக்கேன்" என்றேன்.

அவன் மேட்டைப் பார்க்கவில்லை. "பழசையெல்லாம் மனசுல வச்சுக்காதப்பா. நானும் புள்ளைகுட்டிக்காரன்" என்றான். சூடு தணிந்ததும் தண்ணீரை ஊற்றி, வண்டியைப் பட்டறைக்குத் திருப்பினேன்.

துரை திரும்பி வந்ததும் அவர் முன்னாலேயே சைலன்ஸரைக் கழற்றித் தரையில் தட்டினேன். கருகிய சாக்குத் துண்டு உதிர்ந்தது. அதன் பின்னால், பாதி உருகிப் படிந்து, ஒரு கட்டி. சுரண்டினேன். பளபளத்தது.

"என்னா இது?" என்றார் துரை.

"ஈயம் தொரை. தேயிலைப் பொட்டிக்கு உள்ள வைக்கிற தகடு."

கணக்கப்பிள்ளை முந்திக்கொண்டான். "இவந்தான் வச்சிருப்பான் தொரை! பேர் வெட்டின கோவத்துல!"

"நான் இருந்தப்பவேதானே வண்டி கொதிச்சுச்சு? எம்பொழப்புல நானே மண்ணைப் போட்டுக்குவேனா? ஈயத்தகடு ஸ்டோர்ல பூட்டிக் கெடக்கு. சாவி யாருகிட்ட இருக்குன்னு கேளுங்க."

துரையின் கண் கணக்கப்பிள்ளையின் இடுப்புக்குப் போனது. அவன் சட்டென்று அக்காள் மகனைப் பார்த்துக் கை நீட்டினான். "அப்ப இந்தப் பயதான் எடுத்திருக்கணும்!"

மருமகனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "நானா? நீங்கதானே மாமா தகட்டைச் சுருட்டிக் குடுத்து அடைக்கச் சொன்னீங்க? வேலை கெடைச்ச பொறவு கம்பி விட்டு எடுத்துரலாம்னு சொன்னீங்க. அது உருகி ஒட்டிக்கிட்டு வரலையே!"

கணக்கப்பிள்ளை துரையின் காலில் விழப் போனான். துரை காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு, எனக்குச் சொன்ன அதே வார்த்தையை அவனுக்கும் சொன்னார். எத்தனையோ நாள் மனதுக்குள் கேட்டுப் பார்த்திருந்தேன். நேரில் அதைவிட நன்றாகவே இருந்தது.

துரை என்னைத் திரும்பத் தோட்டத்துக்குக் கூப்பிட்டார். "வண்டி கெட்டா இங்க கொண்டாங்க தொரை, செஞ்சு தாறேன். அங்க வரமாட்டேன்" என்றேன். அன்றைக்குக் கேட்காமல் பேர் வெட்டியவரும் அவர்தானே.

கணக்கப்பிள்ளை குடும்பத்தோடு தோட்டத்தை விட்டுப் பதுளை வழியாகப் போகிறான் என்று கேள்விப்பட்டு, கடைத்தெருவில் காத்திருந்து பார்த்தேன். தலை குனிந்துதான் போனான். வீட்டுக்கு ஓடி என் மனைவியிடம் சொன்னேன். அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

"நடந்தா போனாங்க?" என்று கேட்டாள். "மழை பேஞ்சுச்சா?"

"இல்லை. மாட்டு வண்டி பிடிச்சிருந்தாங்க. நல்ல வெயில்."

"அப்ப எனக்குப் பத்தாது" என்று சொல்லிவிட்டு, களைந்த அரிசியை உலையில் போட்டாள்.