ஒரு நாளைக்கு ஒரு சீட்

டிக்கெட் போட்டுக் கொடுக்கிற தொழில் இருக்கிறதே, ஊரையெல்லாம் ஏற்றி அனுப்பிவிட்டுத் தன் நாற்காலிக்கே திரும்பி வந்து உட்காருகிற தொழில். அஸ்தம்பட்டியில் ஒரு பல் கிளினிக்குக்கு மேல்மாடியில் எங்கள் டிராவல்ஸ். நானும் என் வீட்டுக்காரரும் மாற்றி மாற்றிக் கடையைப் பார்க்கிறோம். கிரெடிட் கார்டில் சேர்ந்த பாயிண்ட்டை விமான டிக்கெட்டாக மாற்றித் தருவது என் வேலை. கார்டைத் தேய்த்துத் தேய்த்துப் பாயிண்ட் சேர்த்துவிட்டு, அதை என்ன செய்வதென்று தெரியாமல் முழிக்கிறவர்களே, இது உங்களுக்காகத்தான்.

செருப்புக் காசு

சேந்தமங்கலம் பக்கம் கோழிப்பண்ணை வைத்திருக்கும் செல்லமுத்து போன ஜனவரியில் மாடியேறி வந்தார். ஒரே ஷெட், முட்டைக்கோழி. நாலு வருஷமாகத் தீவனம், மருந்து எல்லாவற்றுக்கும் கார்டுதான் தேய்த்திருக்கிறார். பாயிண்ட் குவிந்து கிடக்கிறது. மார்ச் கடைசிக்குள் பயன்படுத்தாவிட்டால் அத்தனையும் காலாவதி என்று செல்லில் மெசேஜ் வந்திருக்கிறது. அதைக் காட்டிவிட்டு, "ஊட்டுக்காரி கடல் பாக்கோணுங்கறா. இத வெச்சுப் போவ முடியுங்களா?" என்றார்.

முடியும் என்றேன். அவர் கார்டுக்குக் கிரீஸ்தான் லாபம். மத்தியதரைக் கடல், மே மாதத்தில் குளம் மாதிரி கிடக்கும். போக வர டிக்கெட்டும் பாயிண்ட்டில், தங்குகிற ரூமிலும் பாதி நாள் பாயிண்ட்டில். ஏர்போர்ட் வரி மட்டும் கையிலிருந்து கட்ட வேண்டும். அதுவரை தலையாட்டிக்கொண்டிருந்த மனுஷன் வரி என்றதும் நிமிர்ந்தார். "இலவச தரிசனம்னு உள்ள உட்டுப்போட்டு, செருப்பு வெக்கறதுக்குக் காசு கேக்கற மாதிரி இருக்குதுங்களே அம்முணி!"

அஞ்சாவது மிக்ஸி

வரியும் வேண்டாம், விசாவும் வேண்டாம், பேசாமல் பாயிண்ட்டுக்கு ஏதாவது சாமான் வாங்கிவிடலாமா என்று அவர் யோசித்தபோது எனக்குச் சுர்ரென்று வந்தது. காரணம் என் மச்சான். அக்காவை இஸ்தான்புல் கூட்டிப் போகிறேன் என்று மூணு வருஷம் சொல்லிக்கொண்டே இருந்தார். கடைசி நாள் வரைக்கும் விட்டுவிட்டு, பதற்றத்தில் கார்டுக்காரன் காட்டிய பட்டியலில் ஒரு மிக்ஸியை அமுக்கிவிட்டார். வீட்டில் ஏற்கெனவே நாலு இருந்தது. அந்த டப்பாவை அக்கா இன்னும் பிரிக்கவில்லை. போகிற வருகிறவர்களிடமெல்லாம் காட்டுவாள். "இது சட்னி அரைக்கிற மிக்ஸி இல்ல, நான் போக வேண்டிய ஊர அரைச்ச மிக்ஸி."

பிரித்துப் போகிறவர்கள்

பாயிண்ட்டுக்கு விமானக் கம்பெனி எல்லா சீட்டையும் தந்துவிடாது. மிச்சம் மீதி இருக்கிற ஒன்றிரண்டைத்தான் தரும். அதுவும் எப்போது திறக்கும் என்று யாருக்கும் தெரியாது. செல்லமுத்துவுக்கோ மே மாதத்தில் மூணே வாரம்தான் சாவகாசம். வயதான கோழியை ஏற்றி அனுப்பிவிட்டு, ஷெட்டைக் கழுவிச் சுண்ணாம்படித்து, புதுக் கோழி வரும்வரை சும்மா போட்டிருக்கும் காலம் அது. மற்ற நாளில் புருஷன் பெண்டாட்டி ரெண்டு பேரில் ஒருத்தர் பண்ணையில் இருந்தே ஆக வேண்டும். பக்கத்துப் பண்ணைக்காரரைப் பார்த்துக்கொள்ளச் சொல்லவும் வழியில்லை. ஒரு பண்ணைக் காலடி இன்னொரு பண்ணைக்கு நோய் கொண்டுவரும் என்று யாரும் யார் ஷெட்டிலும் கால் வைப்பதில்லை.

நான் தேடித் தேடிப் பார்த்தேன். மே மாதத்தில் எந்த நாளைத் தொட்டாலும் ஒரே சீட். வருத்தத்தோடு சொன்னேன். அவர் முகத்தில் அப்படி ஒரு தெளிவு! "அதுக்கென்னங்க? அவ மொத வாரம் போயிட்டு வரட்டும். நான் அடுத்த வாரம் போறேன். ஷெட்டு வேலையும் நிக்காது பாருங்க" என்றார். கல்யாணம் காட்சி எல்லாம் அவர்களுக்கு அப்படித்தானாம். இவர் ரிசப்ஷனுக்குப் போவார், அந்தம்மா மறுநாள் முகூர்த்தத்துக்குப் போவார். சொன்னால் வெட்கக்கேடு, எனக்கும் அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. காலாவதித் தேதி கண்ணை மறைத்துவிட்டது. டிக்கெட் போடக் கை நீட்டிவிட்டேன்.

எதற்கும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளலாம் என்று வீட்டுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். அவர் மனைவி பாவாயி முழுக்கக் கேட்டுக்கொண்டார். பின்னால் கோழிச் சத்தம். அப்புறம் குரல் வந்தது. "கல்யாணத்துக்கும் பிரிச்சுப் போனோம், எழவுக்கும் பிரிச்சுப் போனோம். இதுக்கும் பிரிச்சுத்தான் போவோணும்னா, அந்தக் கடல அங்கயே இருக்கச் சொல்லுங்க."

பைகளுக்குக் காவல்

அடுத்த வாரம் பாவாயியே பஸ் ஏறி வந்துவிட்டார், கையில் ஒரு அட்டை முட்டையோடு. ஐம்பத்திரண்டு வயசு இருக்கும். போனில் அப்படிப் பேசியிருக்கக் கூடாதோ என்று வந்தாராம். "நல்லாத்தான் கேட்டீங்க" என்றேன். அப்புறம்தான் பேச்சு வந்தது.

ஒன்பது வருஷத்துக்கு முன் ஊர்க்காரர்களோடு திருச்செந்தூர் போயிருக்கிறார். வழக்கம்போல செல்லமுத்து பண்ணையில். எல்லோரும் புருஷன் கையையோ மகள் கையையோ பிடித்துக்கொண்டு கடலில் இறங்க, இவர் எல்லார் பையையும் சுற்றி வைத்துக்கொண்டு மணலில் காவல் இருந்திருக்கிறார். அன்றைக்குக் கால்கூட நனைக்கவில்லை. "ஏன் இறங்கல?" என்று கேட்டேன். "கையப் புடிச்சுக்க ஆளில்லீங்க. பயந்துக்கிட்டேன்னு சொன்னா சிரிப்பாங்கன்னு, பை பாத்துக்கறேன்னு சொல்லிப்போட்டேன்."

மேற்கே சூலம்

அன்றிலிருந்து அது என் சொந்த வேலையாகிவிட்டது. தினமும் விடியலில் பஜ்ரு தொழுதுவிட்டு முதல் காரியமாகச் செல்லில் சீட் பார்ப்பேன். ஒன்று, ஒன்று, ஒன்று. பிப்ரவரி போனது. மார்ச்சில் காலாவதிக்கு ஐந்தே நாள் இருக்கும்போது, யா அல்லாஹ், இரண்டு! பெங்களூரிலிருந்து, மே மாதம், ஒரே விமானத்தில் போக இரண்டு, வர இரண்டு. உடனே செல்லமுத்துவுக்குப் போன் போட்டால், "என்ன கெழமைங்க?" என்கிறார். வெள்ளி என்றேன். "வெள்ளிக்கெழம மேற்க சூலமுங்க. அந்தத் தெசைக்குக் கெளம்பக் கூடாதே" என்கிறார். பல்லைக் கடித்துக்கொண்டேன். நாம் பேசிக்கொண்டிருக்கும்போதே வேறு யாராவது எடுத்துவிடுவார்கள் என்று கத்தினேன். பாவாயி போனைப் பிடுங்கிக்கொண்டார். "போடுங்க அம்முணி. வியாழக்கெழமையே பையக் கொண்டாந்து உங்க கடையில பரஸ்தானம் வெச்சுப்போடறோம்."

நல்ல நாளில் பையை வேறொரு இடத்தில் வைத்துவிட்டால் அன்றைக்கே கிளம்பியதாக ஆகிவிடுமாம். சொன்னபடியே மே மாதம் ஒரு வியாழக்கிழமை புத்தம் புது நீலப் பை ஒன்று எங்கள் பெஞ்சு மேல் வந்து உட்கார்ந்தது. சூலத்துக்குப் பரிகாரமாகச் சாப்பிட ஒரு பொட்டலம் வெல்லமும் மேலே. என் வீட்டுக்காரர் அந்தப் பையைத் தட்டிப் பார்த்தார். "நம்ம கடைக்கு வந்துட்டா பயணம் கிளம்பின மாதிரியாமே. நாம பதினாறு வருஷமா இங்கதானே இருக்கோம்?"

ஒரு படம் குறைகிறது

போய் வந்தவர்களின் படம் ஒன்றை வாங்கிச் சுவரில் ஒட்டுவது எங்கள் பழக்கம். ஜூன் மாதம் இருவரும் வந்தார்கள், ஒரே பைக்கில். செல்லை வாங்கித் தள்ளிப் பார்த்தேன். பழைய கோயில் தூணுக்கு முன்னால் அவர். அதே தூணுக்கு முன்னால் அந்தம்மா. கப்பலில் அவர், கப்பலில் அந்தம்மா. வெள்ளைச் சுவர், நீலக் கதவு, அங்கேயும் தனித்தனியாகத்தான். அடப்பாவிகளா, கிரீஸ் போயும் முறை வைத்துத்தான் நின்றீர்களா என்று மனசு விட்டுப்போனது.

"கடல்ல இறங்கின படம் எங்கேங்க?" என்று கேட்டேன். செல்லமுத்து ஜன்னல் பக்கம் பார்த்தார். பாவாயி முந்தானையை இழுத்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "ரெண்டு பேருமே எறங்கிட்டமுங்க அம்முணி. இவரு என்ற கைய உடவே இல்ல. பொறவு படத்த ஆரு எடுக்கறது?"

சுவரில் அவர்களுக்கென்று விட்ட இடம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது. அன்று சாயங்காலம் ஒரு மணி நேரம் முன்னதாகவே ஷட்டரை இழுத்துவிட்டு, நானும் என் வீட்டுக்காரரும் ஒரே வண்டியில் ஏற்காடு ரோட்டில் கொஞ்ச தூரம் சும்மா போய்வந்தோம்.

பாயிண்ட் காலாவதியாகிற தேதிக்கு மட்டும் கார்டுக்காரன் மறக்காமல் மெசேஜ் அனுப்புகிறான். மற்றதெல்லாம் காலாவதியாகிற தேதியை நமக்கு யார் அனுப்புகிறார்கள்?