கரையில் தங்குவார்கள்

திருகோணமலைத் துறைமுகத்துக்கு அருகிலுள்ள பாடசாலையொன்றில் தவணைப் பரீட்சை விடைத்தாள்களைத் திருத்தியபோது, என் பக்கத்துக் கதிரையில் கிண்ணியாவிலிருந்து வந்த ஆசிரியர் ஒருவர் இருந்தார். ஒல்லியான மனிதர், கழுத்துப் பொத்தானையும் பூட்டியிருப்பார். ஒரு விடையை முழுதாக வாசித்து முடிக்கும்வரை சிவப்புப் பேனையின் மூடியைக் கழற்றமாட்டார்.

வாசிப்புப் பந்தி கடல் எச்சரிக்கை பற்றியது. எச்சரிக்கை வந்தால் மீனவர்கள் என்ன செய்வார்கள் என்பது கேள்வி. கரையில் தங்குவார்கள் என்பதே விடை. ஒரு பிள்ளை இப்படி எழுதியிருந்தது: "அப்பாவும் ரேடியோவில் கேட்டவர். அப்படியும் போனவர். இன்னும் வரவில்லை."

அவர் அதை என்னிடம் காட்டினார்.

"அரைப் புள்ளியாவது போடுங்கோ சேர்," என்றேன்.

"ஏலாது. பந்தியில உள்ளதைத்தான் கேட்டிருக்கு."

"பிள்ளை பொய் எழுதேல்லையே?"

"ஓம், பொய்யில்ல. ஆனா விடையும் இல்ல," என்று பூச்சியம் போட்டார்.

பிறகு அந்தத் தாளை முதலிலிருந்து மறுபடியும் வாசித்தார். வேறெங்காவது ஒரு புள்ளி கொடுக்க இடமிருக்கிறதா என்று தேடினார். கிடைக்கவில்லை. திரும்பவும் வாசித்தார். அன்று மத்தியானம் அவர் சாப்பிட எழும்பவேயில்லை.

நானென்றால் அரைப் புள்ளியைப் போட்டுவிட்டு அடுத்த தாளை எடுத்திருப்பேன். அந்தப் பிள்ளையை அதோடு மறந்தும் இருப்பேன்.